மெமரி எவ்வளவு மிச்சம்? சி மொழியில் எழுதத் தொடங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை பிள்ளைகளுக்குக் கையில் சில மாதங்கள் இருக்கும். அந்த நாட்களில் திருகோணமலை நகரத்தில் நான் நடத்தும் சின்ன வகுப்புக்குச் சி மொழி படிக்க வருவார்கள். மாடியில் ஓர் அறை, ஆறு கணினிகள். நான்கில் லினக்ஸ், இரண்டில் விண்டோஸ். மிகப் பழையதில் 2 ஜிகாபைட் நினைவகம்தான்.

அணி (அரே) பழகி முடிந்த வாரத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "மிஸ், கொம்பியூட்டர்ல எவ்வளவு மெமரி மிச்சம் இருக்கு எண்டு புரோகிராமுக்குள்ளயே பார்க்க ஏலாதா?"

ஏலும். எப்படிப் பார்ப்பது என்று கீழே சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த எண்ணை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். அது தெரியாமல் எண்ணை மட்டும் எடுத்தவர்கள் பிழையான செய்நிரல் எழுதுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அதனால் கேள்விக்கான நேரடி விடை இந்தக் கட்டுரையின் நடுவில்தான் வரும். அதற்கு முன் வரும் படிகளைத் தாண்டிப் போகாதீர்கள்.

சி மொழியின் கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். வகுப்பில் வாய்விட்டுச் சொல்லும்போதும் அப்படித்தான் சொல்கிறோம். கணினியில் தட்டும்போது அவற்றின் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

உங்கள் தொகுப்பான் எது என்று பாருங்கள்

அண்ணன், அக்கா படித்த பழைய கொப்பியைக் கொண்டுவரும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அதில் 'கோர்லெஃப்ட்' என்று ஒரு சார்பு இருக்கும். அலொக் டொட் எச் கோப்பைச் சேர்த்து, கோர்லெஃப்ட்டை அழைத்து, வரும் எண்ணை அச்சிட்டால் மிச்சமுள்ள நினைவகம் வந்துவிடும் என்று எழுதியிருக்கும். கொப்பியில் பிழை இல்லை. அது டேர்போ சி காலத்து விடை. போர்லண்ட் நிறுவனம் 1987இல் வெளியிட்ட தொகுப்பான் அது, அதாவது நாம் எழுதும் செய்நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள். டொஸ் என்ற பணிசெயல் முறைமையில் ஓடியது. டொஸ்ஸில் சாதாரணச் செய்நிரல்களுக்கு இருந்த இடமே 640 கிலோபைட். ஒரு நேரத்தில் ஒரு செய்நிரல்தான் ஓடும். மிச்சம் எவ்வளவு என்று கேட்டால் உறுதியான விடை சொல்லக்கூடிய உலகம்.

இன்று அதே டேர்போ சியை டொஸ்பொக்ஸ் என்ற செயலிக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். அங்கே கோர்லெஃப்ட் தரும் எண் உங்கள் மேசைமேல் உள்ள கணினியுடையது கிடையாது, டொஸ்பொக்ஸ் நடித்துக் காட்டும் பழைய கணினியுடையது. சிறிய நினைவக மாதிரியில் தொகுத்தால் அது 65,535ஐத் தாண்டவே தாண்டாது. 4 ஜிகாபைட் கணினியில் 60 சொச்சம் கிலோபைட்தான் மிச்சமா என்று பயந்துபோன பிள்ளைகள் உண்டு. அந்தக் கொப்பியைப் பத்திரமாக வைத்துவிட்டு ஜிசிசி என்ற தொகுப்பானுக்கு மாறுங்கள். அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. லினக்ஸிலும் விண்டோஸிலும் கிடைக்கும்.

சி மொழிக்கு இது ஏன் தெரியாது?

சி மொழியை உருவாக்கியவர் டெனிஸ் ரிச்சி, இடம் பெல் ஆய்வுகூடம், காலம் 1972ஐ ஒட்டி. அங்கே யுனிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையை முதலில் ஏற்றிய பிடிபி-11 இயந்திரத்தில் 24 கிலோபைட் நினைவகம் இருந்தது. அவ்வளவு நெருக்கடியில் பிறந்த மொழி என்றாலும், 'எவ்வளவு மிச்சம்' என்று கேட்கும் சார்பு அதன் நியமத்தில் இன்றுவரை இல்லை.

காரணம் எளிது. நினைவகத்தை வைத்திருப்பது மொழி கிடையாது, பணிசெயல் முறைமை. யாருக்கு எவ்வளவு, எப்போது, எதைத் திருப்பி வாங்குவது என்று கணக்குப் பார்ப்பது அதன் வேலை. சி மொழி உங்கள் மடிக்கணினியிலும் ஓடும், சலவை இயந்திரத்துக்குள் இருக்கும் சின்னச் சில்லிலும் ஓடும். இரண்டு இடத்துக்கும் பொதுவாக ஒரே விடை சொல்ல அதனால் முடியாது. அதனால் நியமம் உங்களுக்குத் தந்திருப்பது வேறு ஒரு வழி: வேண்டியதைக் கேள், கிடைத்ததா என்று பார். கேட்பதற்கு மல்லொக் என்ற சார்பு. கிடைக்காவிட்டால் அது திருப்பித் தருவது 'நல்', எந்த இடத்தையும் சுட்டாத வெற்று முகவரி.

உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கிண்ணியாவில் இருந்து வரும் ஒரு தம்பி இந்த வருடம் செய்த வேலையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் கடற்தொழில். கரைக்கு வரும் மீனின் பெயர், திகதி, எடை, விலை நான்கையும் பதிந்துவைக்க ஒரு செய்நிரல் எழுதினான். பத்தாயிரம் பதிவு வேண்டும் என்றான். அதற்கு மெமரி போதுமா என்று பார்க்கத்தான் மிச்சம் எவ்வளவு என்று கேட்டான்.

கொப்பியை எடுக்கச் சொன்னேன். மீன் பெயருக்கு 40 பைட். திகதிக்கு ஓர் இன்ட், 4 பைட். எடைக்கு ஒரு டபுள், 8. விலைக்கு இன்னொரு டபுள், 8. கூட்டினால் 60. சரி, இப்போது இந்த நான்கையும் ஒன்றாக வைக்கும் ஸ்ட்ரக்டை எழுதி, எத்தனை பைட் என்று சொல்லும் சைஸ்ஒஃப் போட்டு அச்சிடு என்றேன். 64 வந்தது.

மிச்சம் 4 எங்கிருந்து வந்தது? 64 பிட் கணினியில் டபுள் ஒவ்வொன்றும் எட்டால் வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும். 40உம் 4உம் சேர்ந்து 44. அடுத்த எட்டின் மடங்கு 48. இடையில் 4 பைட்டைத் தொகுப்பான் வெறுமையாக விட்டுவிடுகிறது. அதனால்தான் மனக்கணக்கை நம்பாமல் சைஸ்ஒஃப்பைக் கேட்க வேண்டும்.

இன்னொன்று தமிழில் எழுதும் நமக்கு மட்டும் வருவது. 40 பைட் என்றால் 39 எழுத்துப் பெயர் வைக்கலாம் என்று அவன் நினைத்திருந்தான். 'அறக்குளா' என்று எழுதி அதன் நீளத்தை எஸ்டிஆர்லென் சார்பால் அளந்து பார்த்தோம். கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினி சொன்னது 24. எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். அ, ற, க, புள்ளி, க, உகரக் குறி, ள, கால் என்று எட்டுக் குறிகள். எட்டு மூன்று இருபத்துநான்கு. முடிவுக்குறிக்கு இன்னொன்று சேர்த்தால் 25. 40 பைட்டுக்குள் அதிகபட்சம் 13 குறிகள்தான் அடங்கும். 'சூடை', 'பாரை' எல்லாம் 12 பைட்டில் முடிந்துவிடும். நீளமான பெயர் வந்தால் பக்கத்து மாறியில் போய் ஏறிவிடும். பெயருக்கான இடத்தைக் கூட்டுவதா, பெயரை வெட்டுவதா என்று முதலிலேயே தீர்மானியுங்கள்.

கடைசியில் கணக்கு: 64ஐப் பத்தாயிரத்தால் பெருக்கினால் 640,000 பைட். எங்கள் வகுப்பின் மிகப் பழைய கணினியில் இருக்கும் 2 ஜிகாபைட்டில் இது மூவாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவன் கேள்விக்கு விடை அந்தக் கணக்கிலேயே கிடைத்துவிட்டது. புதிதாக எழுதுபவர்களில் பெரும்பாலானோருக்கு இப்படித்தான்: மெமரி போதுமா என்ற பயம், தேவையை ஒருமுறை கணக்கிட்டதும் போய்விடும்.

கேளுங்கள், விடையைப் பாருங்கள்

பதிவு என்ற ஸ்ட்ரக்டுக்குப் பட்டியல் என்று ஒரு பொயிண்டர், அதாவது முகவரியை வைத்திருக்கும் மாறி, வைத்திருக்கிறோம். எண்ணிக்கை என்ற மாறி சைஸ்-டீ வகை, மறை எண் வராத முழு எண். எஸ்டிடி-லிப் டொட் எச் கோப்பைச் சேர்க்க மறக்காதீர்கள். அப்புறம்:

பட்டியல் = மல்லொக்(எண்ணிக்கை * சைஸ்ஒஃப்(*பட்டியல்));
இஃப் (பட்டியல் == நல்) {
    புட்ஸ்("நினைவகம் கிடைக்கவில்லை");
    ரிட்டர்ன் 1;
}

மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, சைஸ்ஒஃப் இருக்கும் இடத்தில் 64 என்று கையால் எழுதவில்லை. பொயிண்டர் எதைச் சுட்டுகிறதோ அதன் அளவைத் தொகுப்பானே எடுத்துக்கொள்ளும். நாளைக்கு ஸ்ட்ரக்டில் தொலைபேசி எண் சேர்த்தாலும் இந்த வரியைத் தொடத் தேவையில்லை. இரண்டு, இஃப் வரி மல்லொக்குக்கு நேர் கீழே இருக்க வேண்டும். இடையில் வேறு எதுவும் வரக்கூடாது; நல்லைத் தொட்டால் செய்நிரல் அந்த இடத்திலேயே விழும். மூன்றாவது, எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது?

பாவனையாளர் தட்டும் எண்ணை இன்ட்டில் வாங்கி அப்படியே மல்லொக்குக்குக் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. ஒருவர் -1 என்று தட்டினால் அது சைஸ்-டீக்கு மாறும்போது 18,446,744,073,709,551,615 ஆகிவிடும். நல்லவேளையாக அவ்வளவை யாரும் தரமாட்டார்கள், நல் வரும். இதைவிட ஆபத்தானது பெருக்கல் சுற்றிக்கொள்வது. 32 பிட் கணினியில், ஒரு பதிவுக்கு 64 பைட் என்று வைத்து, 67,108,864 பதிவு கேட்டால், அதை 64ஆல் பெருக்க வருவது சரியாக 4,294,967,296. 32 பிட்டில் அந்த எண் அடங்காது. சுற்றி வந்து 0 ஆகிவிடும். பூச்சியம் பைட் கேட்டதாக மல்லொக் எடுத்துக்கொண்டு, நல் இல்லாத ஒரு முகவரியைத் தரக்கூடும். உங்கள் இஃப் வரி அதைப் பிடிக்காது. கிடைத்துவிட்டது என்று நம்பி எழுதத் தொடங்குவீர்கள்.

இதற்குச் சுகமான வழி கல்லொக். எண்ணிக்கையையும் ஒன்றின் அளவையும் தனித்தனியாகக் கொடுக்கலாம். பெருக்கல் அளவு மீறினால் இன்றைய நூலகங்கள் அதைக் கண்டுபிடித்து நல் தந்துவிடும். கிடைக்கும் இடத்தைப் பூச்சியத்தால் நிரப்பியும் தரும். தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு மல்லொக்கைவிடக் கல்லொக்கைத்தான் நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

'மெமரி போதவில்லை' என்று வருவதில் பாதி இதுதான்

கிண்ணியாத் தம்பி முதலில் மல்லொக் எழுதவில்லை. மெயினுக்குள்ளேயே, பத்தாயிரத்துக்குப் பதிலாக நாற்பதாயிரம் பதிவுக்கு ஓர் அணியை அறிவித்திருந்தான். லினக்ஸ் கணினியில் ஓடியது. பக்கத்தில் இருந்த விண்டோஸ் கணினிக்குக் கொண்டுபோனால் திறந்த உடனே மூடியது. எந்தச் செய்தியும் இல்லை. அந்தக் கணினியில் மெமரி குறைவு என்று முடிவு கட்டிவிட்டான்.

உண்மையில் அந்த விண்டோஸ் கணினியில்தான் நினைவகம் கூட. நடந்தது வேறு. சார்புக்குள் அறிவிக்கும் மாறிகளும் அணிகளும் 'ஸ்டாக்' என்ற தனிப் பகுதியில் இருக்கின்றன. அதற்கு ஒரு சின்ன எல்லை உண்டு, கணினியில் எத்தனை ஜிகாபைட் இருந்தாலும். லினக்ஸில் வழக்கமாக 8 மெகாபைட். விண்டோஸில் மைக்ரோசொஃப்ட் தொகுப்பான் வைப்பது 1 மெகாபைட், ஜிசிசி வைப்பது 2 மெகாபைட். நாற்பதாயிரம் பதிவு 2,560,000 பைட். 8க்குள் அடங்கும், 2க்குள் அடங்காது. அவ்வளவுதான்.

லினக்ஸில் உங்கள் எல்லையைப் பார்க்க, கட்டளைச் சாளரத்தில் யூலிமிட் என்று தட்டி இடைவெளி விட்டு சிறுகோடும் எஸ்ஸும் போடுங்கள். 8192 என்று வந்தால் அது கிலோபைட்டில், அதாவது 8 மெகாபைட். எல்லையைக் கூட்டலாம்; ஆனால் தொடக்கக்காரர்கள் அதைச் செய்ய வேண்டாம் என்பேன். சில நூறு பைட்டைத் தாண்டும் அணி எதுவானாலும் பெரிதாகும் சாத்தியம் இருந்தால் கல்லொக்கில் கேளுங்கள். அது 'ஹீப்' என்ற பெரிய பகுதியில் இருந்து வரும்.

சரி, எண்ணைப் பார்ப்போம்: லினக்ஸ்

செய்நிரல் எழுதுமுன் கட்டளைச் சாளரத்தில் ஃபிரீ என்று தட்டி, இடைவெளி விட்டுச் சிறுகோடும் எச்சும் போட்டுப் பாருங்கள். ஒரு சின்ன அட்டவணை வரும். அதில் மொத்தம் என்று ஒரு நிரல், ஃபிரீ என்று ஒரு நிரல், கடைசியில் அவைலபிள் என்று ஒரு நிரல். மூன்றும் மூன்று எண்.

திருகோணமலைச் சீனன்குடா எண்ணெய்க் குதங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பிரித்தானியர் காலத்தவை, மொத்தம் 99. 2022 ஜனவரியில் செய்த உடன்படிக்கைப்படி 14 லங்கா ஐஓசிக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் என்று பிரிந்தன. '99 இருக்கிறது' என்பதும் உண்மை. ஆனால் எண்ணெய் கொண்டுவருபவருக்கு அந்த 99 உதவாது; எதில் ஊற்றலாம் என்பதுதான் அவருக்கு வேண்டும். மொத்த நினைவகமும் அப்படித்தான்.

ஃபிரீ என்ற எண் சிறியதாக இருக்கும், பார்த்ததும் பயம் வரும். சும்மா கிடக்கும் நினைவகத்தில் லினக்ஸ், அண்மையில் திறந்த கோப்புகளின் பிரதிகளை வைத்துக்கொள்கிறது. அடுத்தமுறை வட்டுக்குப் போகாமல் விரைவாக எடுக்கலாம் என்பதற்காக. யாராவது இடம் கேட்டால் அதை உடனே விட்டுக்கொடுக்கும். அப்படி விடக்கூடியதையும் சேர்த்துக் கணக்கிட்டதுதான் அவைலபிள். நீங்கள் பார்க்க வேண்டிய நிரல் அதுதான்.

செய்நிரலுக்குள் எடுக்க, புரொக் என்ற அடைவில் மெம்இன்ஃபோ என்ற கோப்பு இருக்கிறது. வட்டில் உள்ள கோப்பு மாதிரித் தெரியும், ஆனால் நீங்கள் வாசிக்கும் நேரத்தில் லினக்ஸ் அதை எழுதித் தருகிறது. எஃப்ஓப்பனால் வாசிக்கத் திறங்கள். திறபடாவிட்டால் நல் வரும், அதையும் பாருங்கள். வொயில் ஒன்று போட்டு எஃப்கெட்ஸால் வரி வரியாக எடுங்கள். ஒவ்வொரு வரியையும் எஸ்எஸ்கேன்எஃப்புக்குக் கொடுத்து, மெம்அவைலபிள் என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் அதன்பின் ஓர் அன்சைன்ட் லோங் எண்ணும் இருக்கிறதா என்று கேளுங்கள். 1 என்று திரும்பினால் உங்கள் வரி கிடைத்துவிட்டது. எண் கிலோபைட்டில் இருக்கும். 1024ஆல் வகுத்தால் மெகாபைட். கோப்பை மூடுங்கள். முழுச் சார்பும் பதினைந்து வரிக்குள் முடியும், வாசிப்பு, சுற்று, ஒப்பீடு மூன்றும் பழகிவிடும். நான் இதை ஒரு பயிற்சியாகவே கொடுப்பதுண்டு.

மெம்அவைலபிள் வரி 2014இல் வந்த லினக்ஸ் 3.14இல் இருந்துதான் இருக்கிறது. அதைவிடப் பழைய கணினியென்றால் வரி கிடைக்காமல் போகும். அப்போது பூச்சியத்தை அச்சிடாமல் 'தெரியவில்லை' என்று அச்சிடுங்கள்.

சிஸ்இன்ஃபோ என்ற சார்பும் இருக்கிறது. வேகமானது, எழுதச் சுகம். ஆனால் அதில் கிடைப்பது ஃபிரீராம், அதாவது அந்தப் பயமுறுத்தும் சின்ன எண். அவைலபிள் அதில் இல்லை.

விண்டோஸில்

விண்டோஸ் டொட் எச் கோப்பைச் சேருங்கள். சார்பின் பெயர் குளோபல்மெமரிஸ்டேட்டஸ்ஈஎக்ஸ். இடைவெளி கிடையாது, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பெரிய எழுத்து, கடைசி இரண்டில் ஈ பெரியது, எக்ஸ் சிறியது. அதற்குக் கொடுக்கும் ஸ்ட்ரக்டின் பெயர் மெமரிஸ்டேட்டஸ்ஈஎக்ஸ், முழுதும் பெரிய எழுத்து.

அழைக்குமுன் ஸ்ட்ரக்டில் உள்ள டிடபிள்யூலெங்த் என்ற உறுப்பில் அந்த ஸ்ட்ரக்டின் சைஸ்ஒஃப்பை வைக்க வேண்டும். இதை மறந்தால் சார்பு பூச்சியத்தைத் திருப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடும். நீங்கள் குப்பை எண்ணை அச்சிடுவீர்கள். வகுப்பில் பத்தில் எட்டுப் பேர் முதல் தடவை இதை மறக்கிறார்கள். சரியாக வந்தால் யூஎல்எல்-அவைல்ஃபிஸ் என்ற உறுப்பில் கிடைக்கக்கூடிய நினைவகம் பைட்டில் இருக்கும். பிரிண்ட்எஃப்பில் வீதக்குறியோடு எல்எல்யூ போட்டு அச்சிடுங்கள், வெறும் டீ போட்டால் எண் உடைந்துவிடும். டிடபிள்யூமெமரிலோட் உறுப்பு, எத்தனை வீதம் பாவனையில் இருக்கிறது என்று நேராகச் சொல்லிவிடும்.

எண் கையில். நம்பலாமா?

திருகோணமலைப் புகையிரத நிலையத்தில் கொழும்பு இரவு ரயிலுக்கு இருக்கை இருக்கிறதா என்று விசாரிக்கிறீர்கள். நாலு இருக்கு என்கிறார்கள். வெளியே போய் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் நாலும் போயிருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்ட நேரத்தில் நாலு இருந்தது. நினைவகமும் இப்படித்தான். மெம்அவைலபிளை வாசித்த கணத்துக்கும் மல்லொக் கேட்கும் கணத்துக்கும் இடையில் உலாவி ஒரு புதிய பக்கத்தைத் திறந்திருக்கலாம். அதனால் 'மிச்சம் 500 மெகாபைட் இருக்கிறது, ஆகவே 400 கேட்டால் கட்டாயம் கிடைக்கும், நல் பார்க்கத் தேவையில்லை' என்று எழுதவே எழுதாதீர்கள். எண்ணைப் பாவனையாளருக்குக் காட்டலாம். எத்தனை பதிவை ஒரே தடவையில் ஏற்றுவது என்று உத்தேசமாகத் தீர்மானிக்கலாம். இஃப் வரிக்குப் பதிலாக அதை வைக்க முடியாது.

லினக்ஸில் இன்னொரு சங்கதி. மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கினால் சீட்டு கட்டாயம் கிடைக்கும். இருக்கை கிடைக்குமா என்பது ஏறியபின்தான் தெரியும். லினக்ஸின் மல்லொக் அந்தச் சீட்டு மாதிரி. கேட்டதைத் தந்துவிட்டதாகச் சொல்லும், உண்மையான நினைவகத்தை நீங்கள் அதில் முதன்முதல் எழுதும்போதுதான், 4096 பைட் கொண்ட பக்கம் பக்கமாக ஒதுக்கும். 2 ஜிகாபைட் கணினியில் ஒவ்வொரு மெகாபைட்டாகக் கேட்டுக்கொண்டே போனால் பல ஜிகாபைட்வரை நல் வராமல் போகலாம். விண்டோஸ் அப்படிச் செய்யாது. நினைவகமும் வட்டில் ஒதுக்கிய பக்கக் கோப்பும் சேர்ந்த எல்லையைத் தாண்டினால் நல் தந்துவிடும்.

இதைப் பார்க்க ஆசைப்பட்டு ஒரு பிள்ளை எங்கள் பழைய கணினியில் ஒரு சுற்று எழுதினாள்: ஒரு மெகாபைட் கேள், மெம்செட்டால் நிரப்பு, மறுபடி கேள். ஓட்டினாள். முதலில் எண்கள் விறுவிறுவென்று ஏறின. 1,600ஐத் தாண்டியதும் மெதுவானது. பெட்டியின் முன்பக்கத்தில் வன்தட்டின் சிவப்பு விளக்கு சிமிட்டுவதை நிறுத்திவிட்டு ஒரேயடியாக எரியத் தொடங்கியது. மவுஸை அசைத்தால் திரையில் அம்பு சில விநாடி கழித்து இன்னோர் இடத்தில் தோன்றியது. "மிஸ், நான் ஒண்டும் செய்யேல்ல, அதுவா நிண்டுட்டுது" என்றாள். நினைவகம் தீர்ந்து, லினக்ஸ் பழைய பக்கங்களை வட்டுக்கு மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தது. சில நிமிடம் கழித்து அவள் திறந்து வைத்திருந்த உலாவி தானாக மூடியது, அப்புறம் அவளுடைய செய்நிரல் 'கில்ட்' என்ற ஒரே சொல்லோடு முடிந்தது. இடம் அறவே இல்லாதபோது லினக்ஸ் ஏதாவதொரு செயலியைத் தெரிந்து நிறுத்திவிடும். உலாவியில் அவள் பாதி நிரப்பியிருந்த விண்ணப்பமும் போய்விட்டது. ஓட்டுமுன் நான் எச்சரித்திருக்க வேண்டும். அதனால்தான் அடுத்த படியை இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

பாதுகாப்பாகப் பரிசோதிக்கும் வழி

லினக்ஸ் கட்டளைச் சாளரத்தில் செய்நிரலை ஓட்டுமுன் யூலிமிட், இடைவெளி, சிறுகோடு வீ, இடைவெளி, 500000 என்று தட்டுங்கள். இந்தச் சாளரத்தில் இருந்து ஓடும் எந்தச் செய்நிரலும் 500,000 கிலோபைட்டுக்கு மேல் கேட்கக்கூடாது என்று பொருள். மற்றச் சாளரங்களுக்கு எதுவும் ஆகாது. இதை மூடினால் எல்லையும் போய்விடும்.

இப்போது அதே சுற்றை ஓட்டுங்கள். 488ஐ எட்டுமுன் மல்லொக் நல் தந்துவிடும். கணினி நின்றுபோகாது. உங்கள் 'நினைவகம் கிடைக்கவில்லை' என்ற வரி திரையில் வரும். எத்தனையோ பேர் இஃப் வரியை எழுதிவைத்திருப்பார்கள், ஆனால் அது ஓடிப் பார்த்ததே இல்லை. உள்ளே பிழை இருந்தாலும் தெரியாது. ஒரு தடவையாவது அந்த வரி ஓடுவதைக் கண்ணால் பாருங்கள்.

உங்கள் செய்நிரல் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால், புரொக் அடைவுக்குள் செல்ஃப், அதற்குள் ஸ்டேட்டஸ் என்ற கோப்பு. மெம்இன்ஃபோவுக்கு எழுதிய அதே சார்பில் கோப்பின் பெயரையும் தேடும் சொல்லையும் மாற்றினால் போதும். தேட வேண்டிய வரி வீஎம்ஆர்எஸ்எஸ்.

இடம் போதாமல் கூட்டும்போது

பத்தாயிரம் பதிவு நிரம்பிவிட்டால் ரீயல்லொக்கால் கூட்டலாம். ஆனால் விடையைப் பட்டியல் என்ற அதே பொயிண்டரில் நேரே வாங்காதீர்கள். கிடைக்காமல் நல் வந்தால் பழைய முகவரி அழிந்துபோகும். இதுவரை பதிந்த மீன் கணக்கு முழுதும் நினைவகத்தில் இருந்தும் உங்களால் எட்ட முடியாது. புதியது என்று வேறொரு பொயிண்டரில் வாங்கி, நல் இல்லையென்று பார்த்தபின் பட்டியலுக்கு மாற்றுங்கள்.

திருப்பிக் கொடுத்தீர்களா?

மிச்சம் குறைந்துகொண்டே போவதற்கு உங்கள் செய்நிரலே காரணமாக இருக்கலாம். கேட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபிரீ, அதாவது வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் சி சார்பு, இருக்க வேண்டும். கிண்ணியாத் தம்பியின் செய்நிரலில் அது இல்லை. லினக்ஸில் வால்கிரைண்ட் என்ற கருவியை நிறுவி, தொகுக்கும்போது சிறுகோடு ஜீ சேர்த்து, ஓட்டும்போது செய்நிரலின் பெயருக்கு முன்னால் வால்கிரைண்ட் என்று தட்டச் சொன்னேன். கடைசியில் வந்த அறிக்கையில் ஒரு வரியைப் பென்சிலால் தொட்டுக் காட்டினான்: தொலைந்தது 640,000 பைட். அவன் கொப்பியில் பெருக்கிய அதே எண்.

மெயினின் கடைசியில், ரிட்டர்னுக்கு முன்னால் ஃபிரீ(பட்டியல்); என்று சேர்த்து மறுபடி தொகுத்து ஓட்டினான். எல்லாம் திருப்பிக் கொடுக்கப்பட்டது, கசிவு இல்லை என்று வந்தது. நீங்களும் அந்த வரி வரும்வரை ஓட்டிப் பாருங்கள்.